ஹெயான் அரசவையில் மொழிப்புலமையும் பதவியும்: சுகவாரா நோ மிச்சிசானே (845–903)

1. முன்னுரை

மக்கள் பேசும் மொழி ஒன்றாகவும் ஆட்சி நடைபெறும் எழுத்துமொழி வேறொன்றாகவும் அமைந்த அரசுகள் வரலாற்றில் பல உண்டு. இத்தகைய அரசுகளில் ஆட்சிமொழியை முயன்று கற்றுத் தேர்ந்தோர் தனியொரு பிரிவினராக உருவாவது இயல்பு. அரசாணைகளை வரைவோரும், பழநூற் சொற்களுக்குப் பொருள் கூறுவோரும், அயல்நாட்டுத் தூதருக்கு மறுமொழி எழுதுவோரும் இவர்களே. அரசின் சொற்களை ஆக்கித் தந்த இவர்களுக்கு அரசின் முடிவுகளில் எந்த அளவு பங்கு இருந்தது என்பது மொழி வரலாற்றுக்கும் அரசியல் வரலாற்றுக்கும் பொதுவான வினாவாகும்.

இவ்வினாவுக்கு விடை காண உதவும் சான்றுகளுள் ஒன்று, 9ஆம் நூற்றாண்டு ஜப்பானிய அறிஞரும் அமைச்சருமான சுகவாரா நோ மிச்சிசானேயின் வாழ்வு. அவர் சீனமொழிப் புலமையால் அரசவையின் மிக உயர்ந்த பதவிகளுள் ஒன்றை அடைந்தார். இரண்டே ஆண்டுகளில் அதனை இழந்து, நாடு கடத்தப்பட்ட நிலையில் இறந்தார். அவ்வாழ்வின் முதன்மையான திருப்பங்கள் பலவற்றில் மொழிச் சிக்கல் ஒன்று இருப்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. அவர் தாங் பேரரசுக்குச் செல்லும் தூதினை நிறுத்தினார் என்றும், அதனால் ஜப்பானியத் தாய்மொழி இலக்கியம் மலர்ந்தது என்றும் பரவலாகக் கூறப்படும் கருத்தினையும் மறுஆய்வு செய்கிறது.

2. எழுத்துமொழியும் ஆட்சி அமைப்பும்

701ஆம் ஆண்டின் தாய்ஹோ சட்டத் தொகுதி ஜப்பானிய அரசைச் சீன முறையில் ஒழுங்குபடுத்தியது. அமைச்சகங்கள், அதிகாரிகளின் படிநிலைகள், மாகாண ஆட்சி, அரசுக் கல்விநிலையம் ஆகிய அனைத்தும் அதன்வழி வரையறுக்கப்பட்டன. சட்டமும் ஆவணங்களும் அரச வரலாறும் சீன எழுத்துமொழியிலேயே எழுதப்பட்டன. ஜப்பானியர் கையாண்ட இந்த எழுத்து வழக்கு கன்புன் எனப்படும்.

சீனமும் ஜப்பானியமும் அமைப்பால் பெரிதும் வேறுபட்டவை. சீனத்தில் செயப்படுபொருள் வினைக்குப் பின்னர் வரும்; பெயர்கள் உருபேற்பதில்லை. ஜப்பானியத்தில், தமிழிற் போலவே, வினை தொடரின் இறுதியில் நிற்கும். வேற்றுமை உறவுகளைப் பெயரையடுத்து வரும் உருபுகள் உணர்த்தும். ஆகவே சீனத் தொடரின் சொற்களை மனத்துள் இடம் மாற்றி, உருபுகளையும் வினை விகுதிகளையும் சேர்த்து, ஜப்பானியமாகவே படிக்கும் முறை ஒன்று வளர்ந்தது. இதற்குக் குன்தொகு என்று பெயர். இம்முறைக்கு உதவும் குறியீடுகளை மூல பாடத்தின்மீதே இடும் வழக்கம் 9ஆம் நூற்றாண்டில் பரவியது. படிப்பது அனைத்தும் ஒருவகை மொழிபெயர்ப்பாகவே அமைந்த சூழல் இது. இதில் ஒரு சொல்லின் பொருள் இன்னது என உறுதி செய்வது புலவரின் பொழுதுபோக்கன்று. அரசின் அன்றாடத் தேவை.

இத்தேவையை நிறைவு செய்யவே அரசுக் கல்விநிலையம் செயற்பட்டது. அங்குச் சீனச் செவ்விலக்கியமும் வரலாறும் கற்பிக்கும் துறை 9ஆம் நூற்றாண்டில் ஏனைய துறைகளினும் மிகுந்த செல்வாக்குப் பெற்றது. அதன் பேராசிரியர் மொன்ஜோ ஹகாசே எனப்பட்டார். ஆனால் கல்வி மட்டுமே பதவிக்கு வழியாக இருக்கவில்லை. ஐந்தாம் படிக்கு மேற்பட்ட அதிகாரிகளின் மக்கள் தேர்வு எழுதாமலேயே தந்தையின் தகுதிக்கேற்பப் படிநிலை பெறச் சட்டம் இடமளித்தது. சீனத்திலிருந்து தேர்வு முறையைப் பெற்ற ஜப்பான், குடிப்பிறப்பின் உரிமையையும் அதனருகே வைத்துக் காத்தது. மிச்சிசானேயின் உயர்வையும் வீழ்ச்சியையும் இவ்விரு வழிகளின் முரண்பாட்டிலிருந்தே விளக்க வேண்டும்.

3. குடியும் கல்வியும்

சுகவாரா குடியினர் முன்னர் ஹாஜி என்னும் பெயருடையவர்கள். அரசகுலத்தாரின் ஈமச் சடங்குப் பணிகளோடு தொடர்புடையவர்கள். 781ஆம் ஆண்டில் அவர்கள் விண்ணப்பித்துப் புதிய குடிப்பெயர் பெற்றனர். அதன்பின் கல்வியே அவர்தம் குலத்தொழிலாயிற்று. மிச்சிசானேயின் பாட்டனார் கியோகிமி 804ஆம் ஆண்டுத் தூதுக்குழுவில் தாங் நாடு சென்று திரும்பியவர். அவரும் அவர் மகன் கொரேயோஷியும் அடுத்தடுத்து மொன்ஜோ ஹகாசே பதவி வகித்தனர். குடும்பத்தினர் நடத்திய தனிக்கல்விக்கூடத்தில் பயின்ற பலர் அரசுத் தேர்வுகளில் வெற்றி பெற்றனர்.

845ஆம் ஆண்டு பிறந்த மிச்சிசானே, ஜப்பானியக் கணக்குப்படி 11 வயதிலேயே சீனமொழியில் கவிதை இயற்றினார். 862இல் இலக்கியத் துறையின் மாணவராகத் தேர்வு பெற்றார். 867இல் அத்துறையின் இரண்டே இரண்டு மேல்நிலை மாணவருள் ஒருவரானார். 870இல் உயர்நிலைத் தேர்வை எழுதினார். அதில் அவருக்கு விடுக்கப்பட்ட வினாக்கள் இரண்டு: குடிகளின் மரபை விளக்குக, நிலநடுக்கத்தின் இயல்பை ஆராய்க. முந்திய ஆண்டில்தான் வடகிழக்கு மாகாணமான முட்சுவில் பெரும் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் நேர்ந்திருந்தன. முதல் வினாவோ அரசவையில் என்றும் அடங்காத சிக்கல். இவற்றுக்குச் சீனப் பழநூல்களின் மேற்கோள்களோடு செறிந்த நடையில் விடை எழுத வேண்டும். மிச்சிசானே நடுத்தர மதிப்பீட்டோடு தேறினார்.

அதன்பின் அவர் அரசாணை வரையும் செயலகத்திலும் அமைச்சகங்களிலும் பணியாற்றினார். 877இல் மொன்ஜோ ஹகாசே ஆனார். 883இல் வடகிழக்கு ஆசிய அரசான பல்ஹேயிலிருந்து வந்த தூதரை வரவேற்கும் பொறுப்பு அவருக்குத் தற்காலிகமாக அளிக்கப்பட்டது. ஒருவர் பேச்சை மற்றவர் அறியாத அச்சூழலில் சீன எழுத்துமொழியே இருதரப்புக்கும் பொதுவாயிற்று. தூதருக்கும் அரசவைப் புலவருக்கும் இடையே நிகழ்ந்த கவிதைப் பரிமாற்றம் விருந்தோம்பலின் அங்கம் மட்டுமன்று. நாட்டின் கல்வித்தகுதியை அயலார் முன் மெய்ப்பிக்கும் அரசியற் செயலும் ஆகும்.

4. ஒரு சொல்லால் நின்ற ஆட்சி: அகோ வழக்கு

886இல் மிச்சிசானே ஷிகோக்கு தீவிலுள்ள சனுகி மாகாணத்தின் ஆளுநராக அனுப்பப்பட்டார். மூன்று தலைமுறையாகக் குடும்பத்தில் இருந்த பேராசிரியப் பதவியை விட்டுச் செல்ல நேர்ந்தது அவருக்கு வருத்தம் தந்ததென அவர் கவிதைகள் காட்டுகின்றன. எனினும் வரிச்சுமைக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடியோர், துணையிழந்த முதியோர், உப்பு விற்போர், மீன்பிடிப்போர் ஆகியோரின் துயரத்தை அவர் பாடியது இக்காலத்தில்தான்.

அவர் தலைநகரில் இல்லாதிருந்தபோது, 887ஆம் ஆண்டின் இறுதியில், சொற்பொருள் வரலாற்றில் குறிப்பிடத்தக்க வழக்கு ஒன்று எழுந்தது. அவ்வாண்டு அரியணை ஏறிய பேரரசர் உதா, ஃபுஜிவாரா குடித் தலைவரான மொத்தோட்சுனேயிடம் ஆட்சிப் பொறுப்பை ஒப்படைத்து ஆணையிட்டார். அனைத்து அலுவல்களையும் முதலில் அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்னும் கருத்துடைய தொடர் அவ்வாணையில் இருந்தது. இத்தொடர் ஹான் மரபின் வரலாற்று நூலிலிருந்து எடுக்கப்பட்டது. இதிலிருந்தே கம்பாக்கு என்னும் பதவிப்பெயர் பிறந்தது. பழநூலின் வினைத்தொடர் ஒன்று பின்னாளில் நாட்டின் தலைமைப் பதவிக்குப் பெயராகி நிலைத்தது.

மரபுப்படி மொத்தோட்சுனே அப்பொறுப்பை ஏற்க முதலில் மறுத்தார். அதற்கு மறுமொழியான இரண்டாவது ஆணையை எழுதியவர் அறிஞர் தச்சிபானா நோ ஹிரோமி. அவர் அகோவின் பொறுப்பை ஏற்குமாறு எழுதினார். அகோ என்பது சீனத்தின் ஷாங் மரபில் பேரமைச்சராக இருந்த யீ யின்னுக்குரிய பட்டம். உயர்ந்த அமைச்சரைக் குறிக்கும் சிறப்புச் சொல்லாகவே ஹிரோமி அதனைக் கையாண்டார். ஆனால் ஃபுஜிவாரா நோ சுகேயோ என்னும் மற்றோர் அறிஞர், அகோ என்பது உயர்ந்த பட்டமேயன்றி அதற்குரிய அலுவல் எதுவும் இல்லை என மொத்தோட்சுனேயிடம் எடுத்துரைத்தார். மொத்தோட்சுனே அரசுப் பணிகளைக் கைவிட்டார். ஆட்சி அலுவல்கள் பல மாதம் முடங்கின. அறிஞர்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. அவர்கள் பழநூல்களைச் சான்று காட்டி, அகோவுக்கு அலுவல் இல்லை என்றே கூறினர். 888ஆம் ஆண்டின் நடுவில் உதா தம் ஆணையைத் திரும்பப் பெற்றார். பிழை எழுதியவர்மேல் சுமத்தப்பட்டது. ஹிரோமிக்குத் தண்டனை விதிப்பது பற்றியும் ஆராயப்பட்டது.

இந்நிலையில் மிச்சிசானே மொத்தோட்சுனேக்குக் கடிதம் ஒன்று எழுதினார். அதன் வாதம் மொழியியலாரின் கவனத்துக்குரியது. எழுதுவோர் பழநூற் சொல்லை எடுத்தாளும்போது அதன் மூலப் பொருள் முழுவதையும் கருதுவதில்லை. தமக்கு வேண்டிய கூற்றை மட்டுமே கொள்வர். சொல்லின் ஏதோ ஒரு பழம்பொருளைக் காட்டி எழுதியவரைக் குற்றவாளியாக்கினால், இனி எழுதும் எவரும் குற்றத்துக்குத் தப்ப இயலாது, எழுத்துக்கலையே அழியும். இத்தண்டனை ஃபுஜிவாரா குடிக்கும் நன்மை தராது என்றும் அவர் உணர்த்தினார்.

சொல்லின் பொருளை அகராதி வரலாற்றால் மட்டும் வரையறுக்கலாகாது, அது ஆளப்பட்ட இடமும் ஆண்டவர் கருத்தும் நோக்கப்பட வேண்டும் என்பதே இவ்வாதத்தின் சாரம். ஹிரோமி இறுதியில் கடுந்தண்டனைக்கு ஆளாகவில்லை. அதற்கு இக்கடிதம் எந்த அளவு காரணமாயிற்று என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் இவ்வழக்கு ஓர் உண்மையைத் தெளிவாக்கியது. அகோவின் பொருளைப் பற்றிய வாதத்தில் உண்மையில் ஆராயப்பட்டது பேரரசருக்கும் ஃபுஜிவாரா தலைவருக்கும் இடையிலான வலிமையே. இருதரப்பும் கையாண்ட கருவி பழநூற் பயிற்சி. அக்கருவியைச் செய்து தந்தவரோ முதலில் காயமுற்றார்.

5. உயர்வு

மொத்தோட்சுனே 891இல் இறந்தார். உதா புதிய கம்பாக்கு எவரையும் அமர்த்தவில்லை. ஃபுஜிவாரா செல்வாக்குக்கு எதிராக நிற்கத்தக்கவர்களை அவர் நாடினார். சனுகியிலிருந்து திரும்பியிருந்த மிச்சிசானே அவ்வாண்டே பேரரசரின் அணுக்கச் செயலகத் தலைவரானார். 893இல் ஆலோசனை அவை உறுப்பினர்; 895இல் இடைநிலை ஆலோசகர்; 897இல் மூத்த ஆலோசகர்; 899இல் வலப்பக்க அமைச்சர் என அவர் உயர்ந்தார். வலப்பக்க அமைச்சரினும் இடப்பக்க அமைச்சரே மூத்தவர். அப்பதவி மொத்தோட்சுனேயின் மகன் தோக்கிஹிராவுக்கு வாய்த்தது. கல்வித்துறையிலிருந்து வந்த ஒருவர் வலப்பக்க அமைச்சராவது, 766இல் கிபி நோ மகிபி அப்பதவி பெற்றதன் பின்னர் நிகழாத ஒன்று.

பதவிப் பணிகளுக்கிடையே அவர் ஆற்றிய நூற்பணிகள் பெரியவை. 892இல் ருயிஜு கொக்குஷி என்னும் தொகுப்பு நிறைவுற்றது. ஆண்டு வரிசையில் எழுதப்பட்ட அரச வரலாறுகளின் செய்திகளைப் பொருள்வாரியாக வகுத்துத் தரும் இந்நூல் 200 சுருள்களைக் கொண்டது. அவற்றுள் ஏறத்தாழ 60 மட்டுமே இன்று எஞ்சியுள்ளன. முன்னிகழ்வுகளைத் தேடிப் பார்த்து முடிவு செய்யும் அதிகாரிக்கு உதவும் கருவிநூல் இது.

893ஆம் ஆண்டு முன்னுரையுடன் கூடிய ஷின்சென் மன்யோஷு மொழிபெயர்ப்பு ஆய்வாளருக்கு மிகவும் பயன்படுவது. இதன் தொகுப்பாளர் மிச்சிசானே என்பது மரபுவழிக் கருத்து, ஐயுறுவோரும் உளர். ஜப்பானிய வாகா பாடல் ஒவ்வொன்றுக்கும் இணையாகச் சீனமொழி நாலடிச் செய்யுள் ஒன்று இந்நூலில் வைக்கப்பட்டுள்ளது. வாகா 31 அசைகளால் ஆனது. ஆனால் ஜப்பானியச் சொற்கள் பெரும்பாலும் பல அசை கொண்டவையாதலின், உருபுகள் நீங்கலாக அதில் அடங்கும் சொற்கள் மிகச் சில. எழுசீர் நாலடிச் சீனச் செய்யுளிலோ 28 எழுத்துகள் உள்ளன. ஒவ்வோர் எழுத்தும் ஏறக்குறைய ஒரு சொல். அசை எண்ணிக்கையில் இரண்டும் நெருங்கியிருப்பினும் பொருட்கொள்ளளவில் சீனச் செய்யுள் மிகப் பெரியது. எனவே வாகாவின் பொருளைச் சொன்ன பின்னும் எஞ்சும் இடத்தைப் புதிய காட்சிகளாலும் சீனக் கவிதை மரபின் குறிப்புகளாலும் நிரப்ப நேர்ந்தது. மொழிபெயர்ப்பில் விரிவு நேர்வது மொழிபெயர்ப்பாளரின் விருப்பத்தால் மட்டுமன்று, யாப்பின் கொள்ளளவு வேறுபாட்டாலும் என்பதற்கு இந்நூல் பழமையான சான்று.

6. 894ஆம் ஆண்டு விண்ணப்பம்

630இல் தொடங்கிய தாங் தூது, 838இல் புறப்பட்ட குழுவோடு உண்மையில் நின்றுபோயிருந்தது. அரைநூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பின், 894இல் புதிய தூதுக்குழு ஒன்று அறிவிக்கப்பட்டது. மிச்சிசானே தலைமைத் தூதர். கி நோ ஹசேயோ துணைத் தூதர். ஆனால் அறிவிப்பு வந்த சில வாரங்களில் மிச்சிசானே ஒரு விண்ணப்பம் அளித்தார். சீனத்திலிருந்த துறவி சூகான் அனுப்பிய கடிதத்தை அவர் அதில் ஆதாரமாகக் காட்டினார். தாங் நாடு சீர்குலைந்துள்ளது. முற்காலத் தூதர்கள் கடலில் மாண்டதுண்டு, ஆயினும் கரை சேர்ந்தபின் இடர்ப்பட்டதில்லை. இப்போது அந்த உறுதியும் இல்லை. ஆகவே தூது அனுப்பும் முடிவினை அவையினர் மீண்டும் ஆராய்க என்பதே விண்ணப்பத்தின் கருத்து.

இங்கு மூன்று செய்திகள் கருதத்தக்கவை. முதலாவது, விண்ணப்பம் கேட்பது மறுஆய்வையேயன்றித் தூது முறையின் ஒழிப்பையன்று. இரண்டாவது, மிச்சிசானேயும் ஹசேயோவும் அதன் பின்னரும் சில ஆண்டுகள் தூதர் பட்டத்தைத் தாங்கியே கையெழுத்திட்டனர். மூன்றாவது, தூது நின்றமையால் சீனத் தொடர்பு நிற்கவில்லை. வணிகர் கப்பல்கள் கியூஷு தீவின் ஹகாட்டா துறைக்குத் தொடர்ந்து வந்தன. நூல்களும் பொருள்களும் அவற்றின்வழி வந்து சேர்ந்தன. தாங் மரபே 907இல் வீழ்ந்தது.

ஆகவே இவ்விண்ணப்பத்தைத் தாய்மொழி இலக்கிய எழுச்சியின் காரணமாகக் காட்டுவது பொருந்தாது. சீன எழுத்துகளிலிருந்து கானா எழுத்து உருவாகும் மாற்றம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 905ஆம் ஆண்டு ஆணையோடு தொடர்புடைய கொக்கின் வாகாஷு என்னும் வாகா தொகுப்பு, ஜப்பானிய முன்னுரையோடு சீன முன்னுரை ஒன்றையும் கொண்டுள்ளது. அரசு ஆவணங்கள் அதன் பின்னும் நெடுங்காலம் கன்புன் நடையிலேயே எழுதப்பட்டன. ஒரு மொழி பின்வாங்கியதால் மற்றொன்று வளர்ந்தது என்பதைவிட, இரண்டும் வெவ்வேறு பணிகளைப் பகிர்ந்துகொண்டன என்பதே சான்றுகளுக்கு ஏற்ற விளக்கம்.

7. வீழ்ச்சி

897இல் உதா தம் இளம் மகன் தைகோவுக்கு அரியணையைத் துறந்தார். அலுவல்களை முன்வைப்பதையும் ஆணைகளை அறிவிப்பதையும் தோக்கிஹிராவும் மிச்சிசானேயும் கவனிக்க வேண்டும் என அப்போது அறிவுறுத்தினார். ஆலோசகர் பலர் இச்சொற்களுக்குத் தாங்கள் அலுவல் பார்க்க வேண்டியதில்லை என்று பொருள் கொண்டு அவைக்கு வர மறுத்தனர். இறுதியில் மிச்சிசானேயே முன்னாள் பேரரசரை வேண்டி விளக்கம் பெற்றுத் தர நேர்ந்தது. பத்தாண்டு முன்னர் அகோ வழக்கில் கண்ட நிலை வேறு வடிவில் மீண்டது.

900ஆம் ஆண்டில் அவர் தம் படைப்புகளைக் கன்கே புன்சோ என 12 சுருள்களில் தொகுத்து, பாட்டனார் தந்தையார் தொகுப்புகளோடு சேர்த்து 28 சுருள்களாகத் தைகோவுக்கு அளித்தார். அவ்வாண்டே அறிஞர் மியோஷி நோ கியோயுகி, வரும் ஆண்டு மாற்றங்களுக்குரியது எனக் காலக்கணிதம் காட்டி, பதவி விலகுமாறு அவருக்கு எழுதினார். மிச்சிசானே விலகவில்லை.

901ஆம் ஆண்டின் முதல் மாதம் 25ஆம் நாள் அவர் பதவியிறக்கம் செய்யப்பட்டு, கியூஷுவிலுள்ள தசாய்ஃபுவுக்குப் பெயரளவு அதிகாரியாக அனுப்பப்பட்டார். பேரரசரை நீக்கி, அவர் உடன்பிறந்தவரும் தம் மருமகனுமான இளவரசரை அமர்த்த எண்ணினார் என்பது குற்றச்சாட்டு. முன்னாள் பேரரசர் உதா அரண்மனைக்கு விரைந்தும் உள்ளே விடப்படவில்லை என வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

பதவியிறக்க ஆணையின் மொழி நோக்கத்தக்கது. அது சென்ம்யோ வகையைச் சார்ந்தது. அவையில் உரக்கப் படிப்பதற்காக ஜப்பானியச் சொல் வரிசையிலேயே எழுதப்படுவது சென்ம்யோ. பெயர்களும் வினையடிகளும் பெரிய எழுத்திலும், உருபுகளும் விகுதிகளும் ஒலிக்குறியாகச் சிறிய எழுத்திலும் அமையும். அவ்வாணை மிச்சிசானேமேல் சாட்டியவை இவை: எளிய குடியிலிருந்து திடீரென அமைச்சரானார், போதும் என்னும் எல்லையை அறியவில்லை, அதிகாரத்தைத் தனதாக்க விழைந்தார், அவர் சொல் பணிவானது, உள்ளம் முரணானது. குற்றங்களின் வரிசையில் பிறப்பு முதலில் நிற்பதும், சொல்லே வஞ்சகத்துக்குச் சான்றாக்கப்படுவதும் குறிப்பிடத்தக்கன. சீனமொழியால் உயர்ந்தவரைத் தாழ்த்திய ஆணை, அவையோர் அனைவர் செவிக்கும் எட்டும் ஜப்பானியத்தில் ஒலித்தது.

மிச்சிசானே 903இல் தசாய்ஃபுவில் இறந்தார். அங்கு எழுதிய சீனக் கவிதைகளை அவர் நண்பர் ஹசேயோவுக்கு அனுப்பி வைத்தார். தோக்கிஹிராவின் இறப்பும் (909), பட்டத்து இளவரசரின் இறப்பும் (923), அரண்மனைமேல் இடி விழுந்ததும் (930) மிச்சிசானேயின் சினமெனக் கருதப்பட்டன. 923இல் அவர் பழைய பதவி மீளளிக்கப்பட்டது. 947இல் தலைநகரின் கித்தானோவில் அவருக்குக் கோயில் எழுந்தது. 993இல் தலைமை அமைச்சர் பட்டமும் வழங்கப்பட்டது. கல்விக்குரிய தெய்வமாக அவரை ஜப்பானிய மாணவர் தேர்வுக்காலங்களில் இன்றும் வழிபடுகின்றனர்.

8. முடிவுரை

மிச்சிசானேயின் பதவி வாழ்விலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. பேச்சுமொழியிலிருந்து விலகிய ஆட்சிமொழி, குடிப்பெருமையற்றோர்க்கும் ஒரு வழியைத் திறந்தது. ஆனால் அவ்வழி பேரரசரின் ஆதரவு உள்ளவரையே திறந்திருந்தது. அரசாணையின் பொருள் பற்றிய பூசல்களில் பழநூற் சான்று முன்வைக்கப்பட்டாலும், முடிவைத் தந்தது கட்சியின் வலிமை. எழுதியவரின் கருத்தையும் நோக்க வேண்டும் என 888இல் மிச்சிசானே முன்வைத்த நெறி, 901இல் அவருக்கே கிட்டவில்லை. 894ஆம் ஆண்டு விண்ணப்பம் நாட்டு இலக்கியத்தின் பிறப்புச்சான்று அன்று. ஆபத்தான பயணம் ஒன்றைப் பற்றிய அதிகாரியின் கருத்துரையே.

வரைந்து கொடுத்த சொல்லுக்கு எழுதியவர் எந்த அளவு பொறுப்பாளி என்னும் வினாவை ஹிரோமி வழக்கு எழுப்பியது. ஆட்சிமொழி ஆவணங்களை வரைவோரும் மொழிபெயர்ப்போரும் உள்ள நாடுகள் அனைத்திற்கும் அவ்வினா பொதுவானது.